குன்னூர் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறோம், என்ன காப்பீடு எடுக்க வேண்டும்?

கேள்வி கேட்ட சகோதரியின் நிலைமை இது. குன்னூரில் அப்பா கட்டிய நான்கு அறை வீடு. குடும்பம் இப்போது சென்னையில். சனி ஞாயிறுகளிலும் மே மாத சீசனிலும் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். ஏர்பிஎன்பி என்ற இணைய வாடகைத் தளத்தில் போட்டிருக்கிறார்கள், பாதி புக்கிங் தெரிந்தவர்கள் மூலம் போனில் வருகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதி அவுட்ஹவுஸில் இருக்கிறார்கள். வீட்டுக்கடன் வாங்கியபோது பேங்க்கில் போட்டுக் கொடுத்த பாலிசி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. "இதற்கு மேல் காப்பீடு கட்டாயமா? கட்டாயம் இல்லை என்றாலும் எதையெல்லாம் எடுத்து வைப்பது நல்லது? ஏர்பிஎன்பி தரும் பாதுகாப்பு போதாதா?" என்று கேட்டிருக்கிறார்.

கோவையிலும் நீலகிரியிலும் இருபது வருடத்துக்கு மேல் பொதுக் காப்பீட்டு வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதில் தவறு நடந்தால் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் போய்விடும்.

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பவர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் மத்தியச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே குறுகிய கால வாடகைக்கு விடுபவருக்குக் குறைந்தது 5 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு, அதாவது பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு, இருக்க வேண்டும், அல்லது அந்த அளவு பாதுகாப்பு தரும் தளத்தின் வழியாகத்தான் வாடகைக்கு விட வேண்டும். நமக்கு அப்படி இல்லை. சில ஏஜென்டுகள் "1991 சட்டப்படி பப்ளிக் லையபிலிட்டி கட்டாயம் மேடம்" என்று சொல்லி விற்பார்கள். நம்பாதீர்கள். 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் நிறுவனங்களுக்காக வந்தது. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. உங்களுக்குத் தேவையான பொறுப்புப் பாலிசி வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்றால், கடன் கொடுத்த பேங்க்கிடமிருந்து வருகிறது. அதனால்தான் உங்களிடம் ஒரு பாலிசி இருக்கிறது. இந்தப் பதிலில் நான் அதிகம் கவலைப்படுவதும் அந்தப் பாலிசியைப் பற்றித்தான்.

அதை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கான தீ விபத்து, இயற்கைச் சீற்றப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இந்த ஒரே பெயரில், ஒரே அடிப்படை வாசகத்தில் விற்கின்றன. நல்ல பாலிசி. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, காட்டுத்தீ, கலவரம் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் இது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. வீட்டின் பயன்பாடு மாறினால் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியது பாலிசிதாரரின் பொறுப்பு. காசு வாங்கிக்கொண்டு வாரம் ஒரு குடும்பத்தைத் தங்கவைப்பது நமக்கு "நம்ம வீடுதானே" என்று தோன்றும். காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் அது தொழில். பிரீமியம் கட்டியபோது சொன்னது ஒன்று, வீட்டில் நடப்பது வேறு என்றால், கிளெய்ம் வரும் நாளில் முதலில் எடுத்துக் காட்டப்படும் காரணம் அதுதான்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. மரத்தளம், மரக் கூரைச் சட்டம், ஹாலில் கணப்பு. விருந்தினர் இரவு கணப்பில் விறகைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். தெறித்த கங்கு தரைப்பலகையின் இடுக்கில் விழுந்து உள்ளுக்குள்ளேயே கனன்று, விடியற்காலையில் ஹால் முழுக்கப் பிடித்துக்கொண்டது. நல்ல வேளை, ஆட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மறுநாள், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயரோடு நானும் போயிருந்தேன். வீட்டுக்காரர் நேர்மையான மனிதர். வாசல் மேஜை டிராயரில் இருந்த நீளவாக்கு நோட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் கரி, தண்ணீரில் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. யார் வந்தார்கள், எந்த ஊர், எத்தனை பேர், என்ன வாடகை என்று மூன்று வருடக் கணக்கு, அழகான கையெழுத்தில். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். சர்வேயர் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் போட்டோ எடுத்தார். பாலிசியில் 'குடியிருப்பு, உரிமையாளர் வசிக்கிறார்' என்று இருந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. வருடா வருடம் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவந்த பாலிசியை ஒரு தடவைகூட அவர் பிரித்துப் படிக்கவில்லை. அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை: எந்தப் புதுப் பாலிசியும் வாங்குவதற்கு முன்னால், "இந்த வீட்டில் கட்டணம் வாங்கி விருந்தினர் தங்கவைக்கப்படுகிறார்கள்" என்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏஜென்டிடம் போனில் சொன்னது கணக்கில் வராது.

அந்தக் கடிதத்தில் நீங்கள் அங்கே வசிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். இது இரண்டாவது சிக்கல். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டுத் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை இருக்கும் வீடுகளைக் கோல்டு, சில்வர் என்று பிரிக்கிறார்கள். அதற்கு உரிமையாளரோ குடும்பமோ அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. நீங்கள் சென்னையில் இருப்பதால் அந்த வரையறைக்குள் வரமாட்டீர்கள். படிவத்தில் 'ஹோம்ஸ்டே' என்று மட்டும் எழுதினால், வீட்டுக்காரர் உள்ளேயே இருப்பதாக நிறுவனம் எடுத்துக்கொள்ளும். "உரிமையாளர் வசிக்கவில்லை, பராமரிப்பாளர் வளாகத்திலேயே இருக்கிறார், முழு வீடும் நாள் வாடகைக்கு விடப்படுகிறது" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மழைக்காலத்தில் வீடு வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்குமா என்பதையும் சேருங்கள். ஆளில்லாத வீட்டுக்குப் பல பாலிசிகளில் தனி நிபந்தனை உண்டு.

இதைத் தெரிவித்த பிறகு நிறுவனம் இரண்டில் ஒன்றைச் செய்யும். வீட்டுப் பாலிசியிலேயே ஒப்புதல் எழுதிச் சேர்த்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற சிறுதொழில் பாலிசிக்கு மாறச் சொல்லலாம். ஒரே இடத்தில் மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் இந்தப் பாலிசி. அதற்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. என் அபிப்பிராயத்தில், முழு வீட்டையும் வாடகைக்கு விடும் உங்களுக்குச் சூக்ஷ்ம பாலிசிதான் சரி. பிரீமியம் சற்றுக் கூடும். ஆனால் கிளெய்ம் நேரத்தில் "இது தொழிலா, வீடா" என்ற வழக்கே எழாது.

மாறும்போது ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். வீட்டுப் பாலிசியில், மதிப்பைக் குறைத்துப் போட்டிருந்தாலும் அதற்காக இழப்பீட்டை விகிதாசாரமாக வெட்டமாட்டார்கள். கிருஹ ரக்ஷாவின் பெரிய நன்மை அது. சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைத்தான் பொறுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் வெட்டு விழும். கணக்கு இப்படி: வீட்டைத் திரும்பக் கட்ட 80 லட்சம் ஆகும், நீங்கள் 50 லட்சத்துக்குப் பாலிசி எடுத்திருக்கிறீர்கள், தீயில் 16 லட்சம் சேதம். கைக்கு வருவது 16 லட்சம் இல்லை. 80-க்கு 50 என்ற விகிதத்தில் 10 லட்சம்தான். மீதி 6 லட்சம் உங்கள் பாடு.

எந்த மதிப்புக்குப் போடுவது என்று பலர் குழம்புகிறார்கள். குன்னூரில் அந்த இடம் என்ன விலைக்குப் போகும் என்பது இங்கே தேவையே இல்லை. நிலம் எரியாது. இடிந்தால் அதே வீட்டை இன்றைய கூலியிலும் இன்றைய பொருள் விலையிலும் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. மலையில் மணல், ஜல்லி, கம்பி எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும். கோவை ரேட்டில் சதுர அடிக்கணக்குப் போட்டால் குறைந்துவிடும். உங்கள் ஊர் மேஸ்திரியிடமோ பொறியாளரிடமோ ஒரு மதிப்பீட்டை எழுதி வாங்கி பாலிசியோடு வையுங்கள். பேங்க் போட்டுக் கொடுத்த பாலிசி பல நேரங்களில் கடன் தொகைக்குத்தான் இருக்கும். அப்பா கட்டிய வீட்டுக்கு நீங்கள் பிறகு 20 லட்சம் கடன் வாங்கியிருந்தால், பாலிசியும் 20 லட்சத்துக்கு இருக்கலாம். கிளெய்ம் பணமும் முதலில் பேங்க்குக்குத்தான் போகும்.

கட்டில், மெத்தை, டிவி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், சோலார் ஹீட்டர் இவற்றையும் தனித்தனியாகப் பட்டியல் போட்டுச் சேருங்கள். கிருஹ ரக்ஷாவில் வீட்டுச் சாமான்களுக்குக் கட்டட மதிப்பில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். தொழில் பாலிசியில் நீங்கள் சொன்னால்தான் உண்டு. தடுப்புச் சுவரும் அப்படித்தான். சரிவில் கட்டிய வீட்டில் பின்பக்கத் தடுப்புச் சுவர் கட்டிய செலவு சில சமயம் வீட்டின் கால்வாசியைத் தொடும். அதைப் பட்டியலில் விட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் அதிகம்.

நிலச்சரிவைப் பற்றி நீலகிரியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பாலிசியில் நிலச்சரிவு அடக்கம்தான், ஆனால் அந்தப் பத்தியின் விலக்குகளையும் படியுங்கள். புதுக் கட்டடம் இயல்பாக அமிழ்ந்து விடும் விரிசல், கொட்டி நிரப்பிய மண் உள்வாங்குவது, தப்பான வடிவமைப்பு, மட்டமான வேலை, பக்கத்தில் தோண்டியதால் வந்த சேதம் ஆகியவை விலக்கு. மலையில் பாதி வீடுகள் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பிய மண்ணில்தான் நிற்கின்றன. சரிவு நடந்தால் "இது நிலச்சரிவா, நிரப்பிய மண் இறங்கியதா" என்பதில்தான் சர்வேயரோடு பேச்சே நடக்கும். தடுப்புச் சுவர் யார் கட்டியது, தண்ணீர் வெளியேறக் குழாய் விட்டிருக்கிறதா என்பதற்கெல்லாம் பில்லும் போட்டோவும் இருந்தால் உங்கள் பக்கம் பலம். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் சுவரையும் வடிகாலையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இனித் திருட்டு. கிருஹ ரக்ஷாவில் திருட்டு என்றால், தீயோ வெள்ளமோ நடந்து அதற்குப் பின் 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான். மற்றதற்கு பர்கிலரி பாலிசி தனி. அதிலும் பூட்டை உடைத்தோ ஜன்னலைப் பெயர்த்தோ பலவந்தமாக நுழைந்த அடையாளம் வேண்டும். நீங்களே சாவி கொடுத்து உள்ளே விட்ட விருந்தினர் போகும்போது ஹோம் தியேட்டரைத் தூக்கிப் போனால், அது பர்கிலரிக்குள் வராது. நாள் வாடகைக்கு விடுபவருக்கு உண்மையில் நடப்பது இந்த வகைத் திருட்டுதான். அதற்கு முன்பணம் வாங்கி வைப்பதும், அடையாள அட்டை நகல் வாங்குவதும், விலை உயர்ந்த பொருளை அந்த வீட்டில் வைக்காமல் இருப்பதும்தான் வழி. அம்மாவின் வெள்ளிக் குத்துவிளக்கு இன்னும் அங்கே பூஜையறையில் இருந்தால் சென்னைக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது உங்கள் சொத்து பற்றியது. விருந்தினருக்கு ஏதாவது ஆனால் என்ன என்பது இதைவிடப் பெரிது. சொத்துச் சேதத்துக்கு வீட்டின் மதிப்பு என்று ஓர் எல்லை உண்டு. மனித உயிருக்குக் கேட்கப்படும் இழப்பீட்டுக்கு அப்படி எல்லை இல்லை.

2020 ஜனவரியில் நேபாளத்தில் டாமன் என்ற மலை ஊரின் விடுதி ஒன்றில் கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள். குளிருக்கு அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு. மணம் இல்லை, நிறம் இல்லை, இருமல்கூட வராது. ஊட்டியிலும் குன்னூரிலும் டிசம்பர் குளிரில் "அண்ணா, ரூமுக்குள்ள கொஞ்சம் கரி அடுப்பு வெச்சுக் குடுங்க" என்று விருந்தினர் கேட்பார்கள், பராமரிப்பாளரும் பாவம் என்று வைத்துக் கொடுத்துவிடுவார். தயவுசெய்து இதை அடியோடு நிறுத்துங்கள். காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் இந்த வாரமே கழற்றி மின்சார கீசருக்கு மாறுங்கள். எந்தப் பாலிசியும் ஒரு குடும்பத்தைத் திருப்பிக் கொடுக்காது.

இந்த ஆபத்துக்கான பாலிசியின் பெயர் பப்ளிக் லையபிலிட்டி, தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான வகை. உங்கள் வளாகத்தில் மூன்றாம் நபருக்குக் காயமோ உயிரிழப்போ பொருள் சேதமோ ஏற்பட்டு, சட்டப்படி நீங்கள் பொறுப்பாளி என்று ஆனால், அந்த இழப்பீட்டையும் வக்கீல் செலவையும் வரம்புக்கு உட்பட்டு நிறுவனம் தரும். இதில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு. ஏஜென்ட் வருட மொத்தத்தைச் சொல்லி விற்பார். நீங்கள் ஒரு விபத்துக்கான எண்ணைப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் எட்டுப் பேர் தங்கினால், ஒரே விபத்து எட்டுப் பேரையும் பாதிக்கலாம். 10 லட்சம் என்பது அதற்குக் காணவே காணாது. நான் 50 லட்சத்துக்குக் கீழே யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முடிந்தால் ஒரு கோடி.

வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. சமைத்துப் போடுகிறீர்கள் என்றால் உணவால் வரும் பாதிப்பைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பராமரிப்பாளரின் மனைவி காலை இட்லி, பொங்கல் செய்து கொடுப்பதும் இதில் அடங்கும். கேம்ப்ஃபயர், ஊஞ்சல், டிரெக்கிங் கூட்டிப் போவது இருந்தால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். மாசு தொடர்பான பொறுப்பு பொதுவாக விலக்கில் இருக்கும். அறைக்குள் புகை, வாயுவால் ஏற்படும் பாதிப்பை அந்த விலக்கில் தள்ளிவிட மாட்டோம் என்று எழுத்தில் கேளுங்கள். தோட்டத்தில் கூடாரம் போட்டு ஆள் தங்கவைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் இளம்பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. அந்த மாதிரி இடத்துக்குப் பாலிசி கிடைத்தாலும் கிளெய்ம் நிற்காது. இந்தப் பாலிசி 'கிளெய்ம் வந்த தேதி' அடிப்படையில் இயங்குவது என்பதால், நடுவில் விடாமல் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விபத்து நடந்த ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வரும். அன்று பாலிசி இல்லையென்றால் சிக்கல்.

"நோட்டீஸா? நம்ம வீட்டுக்கு வந்தவங்க கேஸ் போடுவாங்களா?" என்று கேட்கத் தோன்றும். போடுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார் செய்பவர் தான் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூருவிலிருந்து வந்து உங்கள் படிக்கட்டில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர் பெங்களூருவில் போடுவார். நீங்கள் அங்கே அலைய வேண்டும். வக்கீல் செலவையும் பாலிசி ஏற்கும் என்பதன் அருமை அப்போது தெரியும்.

"எங்கள் பொறுப்பில்லை" என்று போர்டு மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் சொன்ன தீர்ப்பைச் சொல்வேன். 1998-ல் டெல்லியில் ஒருவர் காரின் சாவியை ஹோட்டல் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்தார். திரும்பி வந்தால் காரை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். காரின் காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அதை ஹோட்டலிடம் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. பார்க்கிங் சீட்டில் 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு' என்று அச்சிட்டிருந்தது ஹோட்டலைக் காப்பாற்றவில்லை. சாவியை வாங்கிய பிறகு காரைப் பத்திரமாகத் திருப்பித் தருவது ஹோட்டலின் கடமை, தன் அலட்சியத்துக்கு இப்படி ஒரு வாசகத்தால் விலக்குத் தேடிக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். இதில் உங்களுக்கு இரண்டு பாடம் இருக்கிறது. விருந்தினரிடம் கையெழுத்து வாங்கி வைக்கும் 'எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல' படிவத்தை நம்பி பாலிசி எடுக்காமல் இருக்காதீர்கள். இன்னொன்று, மலை வீட்டில் வழி குறுகலாக இருக்கும், சமவெளிக்காரர்கள் ரிவர்ஸ் எடுக்கப் பயப்படுவார்கள், பராமரிப்பாளர் சாவியை வாங்கி உள்ளே ஏற்றி வைப்பார். அந்த நிமிடம் காரின் பொறுப்பு உங்கள் தலைக்கு வருகிறது. பப்ளிக் லையபிலிட்டியில் வாகனம் பொதுவாக விலக்கு. "சாவி வாங்கக் கூடாது, ஓரமாக நின்று வழிமட்டும் சொல்லு" என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பராமரிப்பாளர் பற்றிப் பேச்சு வந்ததால் அவரையும் பார்ப்போம். விருந்தினரை நினைப்பவர்கள்கூட அவரை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவ மாடி ஏறுகிறவர் அவர், பாசி பிடித்த ஓட்டின் மேல் நடக்கிறவர் அவர், இரவில் ஃபியூஸ் போனால் கம்பியைத் தொடுகிறவர் அவர். பப்ளிக் லையபிலிட்டியில் உங்கள் வேலையாள் வரமாட்டார். அவருக்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். வேலையில் உயிரிழந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்குவது 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு. 40 வயதுக்காரருக்கு அந்தக் காரணி 184.17. சம்பளம் 15,000 என்றால் 7,500 பெருக்கல் 184.17, அதாவது சுமார் 13 லட்சத்து 81 ஆயிரம். இந்தத் தொகையை நாளைக்கே உங்களால் எடுத்து வைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் எல்லாப் பாலிசிகளிலும் பிரீமியம் குறைந்தது இதுவாகத்தான் இருக்கும். கணவன் பெயரோடு, சமைத்து அறை துடைக்கும் மனைவியின் பெயரையும் சேருங்கள். "அவருக்குத்தானே சம்பளம் கொடுக்கிறோம்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த அம்மா செய்வதும் வேலைதான்.

கேஸ் சிலிண்டரையும் பாருங்கள். வீட்டு உபயோகச் சிவப்புச் சிலிண்டரில் காசுக்குச் சமைத்துப் போடுவது விதிமீறல். எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக ஒரு காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன: சிலிண்டர் விபத்தில் இறந்தால் ஒருவருக்கு 6 லட்சம், பதிவு செய்த முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. விதிமீறலான பயன்பாடு என்று தெரிந்தால் அதைக் கேட்டு நிற்க முடியாது, உங்கள் தீப் பாலிசியிலும் கேள்வி வரும். 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கு மாறிவிடுங்கள். மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்கிறது, கட்டட அனுமதி வரைபடத்தில் அவுட்ஹவுஸ் இருக்கிறதா என்பதையும் சர்வேயர் பார்ப்பார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவதும் விடக்கூடாத ஒன்று.

ஏர்பிஎன்பி தரும் பாதுகாப்பு போதாதா என்று கேட்டிருந்தீர்கள். ஏர்கவர் என்ற பெயரில் இரண்டு தருகிறார்கள். விருந்தினர் செய்த சேதத்துக்கு 30 லட்சம் டாலர் வரை, விருந்தினருக்கு வந்த பாதிப்புக்கான பொறுப்புக் காப்பீடு 10 லட்சம் டாலர் வரை. தொகை பெரிது, உபயோகமும் உண்டு. உடைந்த கண்ணாடி, கறை படிந்த மெத்தை என்றால் அதையே முதலில் பயன்படுத்துங்கள். விருந்தினர் கிளம்பிய 14 நாட்களுக்குள் போட்டோவோடு கேட்க வேண்டும். முதலில் விருந்தினரிடமே கேட்கச் சொல்வார்கள், 24 மணி நேரத்தில் அவர் தராவிட்டால் பிறகு நிறுவனம் பார்க்கும். ஆனால் சேதப் பாதுகாப்பு என்ற முதல் பகுதி காப்பீட்டுப் பாலிசி இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை மறுத்தால் நம் ஊர்க் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக வழியில்லை. இயற்கைச் சீற்றம் அதில் வராது. உங்கள் வீட்டுக்கு மிக முக்கியமான குறை வேறு: அந்தத் தளத்தின் வழியாக வந்த புக்கிங்குக்கு மட்டும்தான் அது. போனில் பேசி ஜிபேயில் பணம் அனுப்பி வரும் விருந்தினருக்கு ஒரு பைசாகூடக் கிடையாது. ஏர்பிஎன்பியில் ஒரு தடவை வந்துவிட்டு, கமிஷன் மிச்சம் என்று அடுத்த தடவை நேரடியாக வருகிறவர்களுக்கும் அப்படியே. உங்களுக்குப் பாதி புக்கிங் போனில் வருவதால், பாதி நாட்கள் அந்த வீடு பாதுகாப்பே இல்லாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்: அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தீ என்றால் தீயணைப்பு நிலையத்தில் அறிக்கை வாங்குங்கள், திருட்டு அல்லது காயம் என்றால் காவல் நிலையத்தில் பதிவு செய்யுங்கள். சர்வேயர் வரும்வரை எரிந்ததையும் இடிந்ததையும் அள்ளிக் கொட்டாதீர்கள். காயம்பட்ட விருந்தினரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், கூட இருங்கள், வேண்டிய உதவி எல்லாம் செய்யுங்கள். ஆனால் "தப்பு எங்களுடையதுதான், எல்லாச் செலவும் தந்துவிடுகிறோம்" என்று நிறுவனத்தைக் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். அப்படி ஒப்புக்கொண்டதையே காரணம் காட்டி மறுக்கப் பாலிசியில் இடம் இருக்கிறது. கிளெய்மை நிராகரித்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்வுப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரையிலான பிரச்சினையை விசாரிப்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தனிநபர் பெயரில் நடக்கும் சிறுதொழிலின் பாலிசியையும் ஏற்பார்கள். ஒரு வருட கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

கையில் பணம் குறைவாக இருந்து எதை முதலில் எடுப்பது என்று கேட்டால்: பயன்பாட்டைத் தெரிவிக்கும் கடிதம் இன்றே, அதற்குப் பெரிய செலவு இல்லை. அடுத்து பப்ளிக் லையபிலிட்டி. அதோடு பராமரிப்பாளர் தம்பதிக்கான பாலிசி. பிறகு கட்டடப் பாலிசியைச் சரியான மதிப்புக்கு மாற்றுவது. பர்கிலரியையும், வீடு பழுதாகிக் கிடக்கும் மாதங்களின் வருமான இழப்புக்கான கூடுதல் பிரிவையும் அடுத்த சீசன் வருமானத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தை நேரில் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த நகலையும் விருந்தினர் பதிவேட்டின் போட்டோக்களையும் குன்னூர் வீட்டு டிராயரில் வைக்காமல், சென்னையில் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.